பரங்கை: பிலிப்பைன்ஸில் அரசாங்கத்தின் முதல் வாசல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தாவாவோ நகரில் மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் போகிறார்கள். வேலைக்காக மணிலாவில் குடியிருக்கும் குடும்பங்களும் உண்டு. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே இவர்கள் காதில் விழும் சொல் 'பரங்கை'. வீட்டு முகவரியில் அது இருக்கும், தெருமுனைப் பலகையில் இருக்கும். நான் அங்கே குடியிருந்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சொல்லின் முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வரும் 'ப' போல உச்சரிக்க வேண்டும்.

பரங்கை என்றால் கிராமமா, வார்டா?

இரண்டும்தான். மலையடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊரும் பரங்கை. மணிலாவில் நாலைந்து தெருக்கள் சேர்ந்த ஒரு துண்டும் பரங்கை. மேலே மாகாணம், அதற்குக் கீழே நகரம் அல்லது நகராட்சி, அதற்கும் கீழே பரங்கை. ஆட்சியின் கடைசிப் படி அதுதான். கிராமத்துக்கு ஒரு அமைப்பு, நகரத்துக்கு வேறு அமைப்பு என்று பிரிக்காமல், இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே பதவிகள். நாடு முழுவதும் சுமார் 42,000 பரங்கைகள் இருக்கின்றன.

பரங்கைக்கு உள்ளேயும் 'பூரோக்', 'சித்தியோ' என்று பிரிவுகள் சொல்வார்கள். பூரோக் என்பது நாம் சொல்லும் தெருப்பகுதி மாதிரி. சித்தியோ என்பது ஊரிலிருந்து தள்ளி இருக்கும் சிறு குடியிருப்பு. இவற்றுக்குத் தனி ஆட்சி அதிகாரம் கிடையாது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

படகிலிருந்து. 'பலங்கை' என்பது மரப்பலகைகளை முளை அடித்து இணைத்துக் கட்டிய பழைய படகு. 1521-இல் மகெல்லனோடு வந்து அந்தப் பயணத்தை எழுதிவைத்த பிகாபெட்டா இந்தப் படகுப் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். மிண்டனாவோ தீவின் புத்துவான் நகரில் 1970-களில் சேற்றுக்கு அடியிலிருந்து இப்படிப்பட்ட படகுகள் கிடைத்தன. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை.

படகுக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு? ஹுவான் தெ பிளசென்சியா என்ற ஸ்பானியத் துறவி 1589-இல் தாகலோக் மக்களின் வழக்கங்களை எழுதினார். கடல் தாண்டி வந்தபோது ஒரு படகில் வந்த உறவுக்கூட்டம் கரையிலும் பிரியாமல் ஒன்றாகவே குடியேறியது, படகை நடத்தியவரே 'தாத்து' என்ற தலைவர் ஆனார் என்பது அவர் தரும் விளக்கம். ஒரு பரங்கையில் 100 வீடுகள் வரை இருக்கும், சில சமயம் 30-க்கும் குறைவாக இருக்கும் என்றும் அவர் சொல்கிறார். ஒரே படகில் வந்தவர்கள் என்ற இந்த நினைவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஸ்பானியர் இந்த அமைப்பைக் கலைக்கவில்லை, தங்களுக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். தாத்துவின் இடத்தில் 'கபேசா தெ பரங்கை' வந்தார். தன் பொறுப்பில் உள்ள குடும்பங்களிடம் வரி வசூலித்துக் கொடுப்பது அவர் வேலை. ஊர்த் தலைவர் வரி தண்டுபவராக ஆன கதை அது.

முதியவர்கள் 'பாரியோ' என்கிறார்களே, அது வேறா?

இடம் அதேதான். ஸ்பானியர் காலத்திலிருந்து ஊர்களுக்குப் 'பாரியோ' என்ற பெயர் நிலைத்திருந்தது. 1974-இல் அதிபர் மார்க்கோஸ் ஓர் ஆணை போட்டு எல்லாப் பாரியோக்களையும் பரங்கை ஆக்கினார்.

பழைய பெயரை மீட்டது நல்ல காரியம் என்று தோன்றலாம். அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இராணுவச் சட்டம் அமலில் இருந்த 1973 ஜனவரியில், புதிய அரசியல் சட்டத்துக்கு ஒப்புதல் வாங்க ஊர்தோறும் குடிமக்கள் கூட்டங்களைக் கூட்டினார்கள். ரகசிய வாக்குச்சீட்டு இல்லை. பல இடங்களில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். 15 வயதுப் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க, தூக்காத கை யாருடையது என்று தெரிந்துவிடும் இல்லையா? இன்றைய பரங்கையின் வேரில் இதுவும் கலந்திருக்கிறது.

இப்போது நடப்பில் உள்ள வடிவம் 1991-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் வந்தது. அதைக் கொண்டுவருவதில் முன்னின்றவர் செனட்டர் அக்கிலினோ பிமென்டெல்.

ஒரு பரங்கை எவ்வளவு பெரியது?

புதிதாக ஒன்றை உருவாக்க 2,000 பேராவது இருக்க வேண்டும். மணிலா பெருநகரிலும் மிகப் பெரிய நகரங்களிலும் 5,000. அங்கே இருக்கும் மக்களிடம் வாக்கெடுப்பும் நடத்த வேண்டும். இது புதியவற்றுக்கான அளவு. பழையவை எப்படி வேண்டுமானாலும் இருக்கின்றன.

மணிலா நகரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 900 பரங்கைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை, எண்தான். ஒரு தெருவைக் கடந்தால் அடுத்த பரங்கை. இன்னொரு பக்கம் கலோக்கான் நகரின் பாகோங் சிலாங்: 2020 கணக்கெடுப்பில் இந்த ஒரே பரங்கையில் 2,61,729 பேர். அத்தனை பேருக்கும் ஒரே தலைவர், ஏழே உறுப்பினர்கள். 2024 ஆகஸ்டில் வாக்கெடுப்பு நடத்தி அதை ஆறாகப் பிரித்தார்கள்.

தென்சீனக் கடலில் பாக்-அசா என்று ஒரு தீவு இருக்கிறது. கலயான் நகராட்சிக்கு இருக்கும் ஒரே பரங்கை அதுதான். 2020-இல் மொத்தம் 193 பேர். சீனா, வியட்நாம், தைவான் எல்லாம் உரிமை கோரும் அந்தக் கடல் நடுவிலும் ஒரு பரங்கைத் தலைவர் உண்டு.

யார் நடத்துகிறார்கள்?

தலைவருக்குச் சட்டப் பெயர் 'பூனோங் பரங்கை'. வாயில் வருவதோ 'கேப்டன்'. நேரில் கூப்பிடும்போது 'காப்'. அவரோடு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஏழு உறுப்பினர்கள். அவர்களைக் 'ககவாட்' என்பார்கள். இளைஞர் மன்றத் தலைவர் எட்டாவதாக உட்காருவார். செயலாளரையும் பொருளாளரையும் சபையின் சம்மதத்தோடு தலைவரே நியமிப்பார்.

தலைவர் இறந்துவிட்டாலோ பதவி இழந்தாலோ இடைத்தேர்தல் கிடையாது. ககவாட்களில் அதிக ஓட்டு வாங்கியவர் அந்த நாற்காலிக்கு வந்துவிடுவார்.

இவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 1991 சட்டம் தலைவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 பெசோ, ககவாடுக்கு 600 பெசோ என்று வைத்தது. வசதியுள்ள நகரங்களில் இதைப் போலப் பல மடங்கு தருகிறார்கள். ஏழை ஊர்களில் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வரும் ஒருவருக்கு இந்தத் தொகை மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

தேர்தல் எப்படி?

கட்சிகள் நிற்கக் கூடாது. சின்னம் கிடையாது. வாக்காளர் வேட்பாளரின் பெயரைத் தன் கையால் சீட்டில் எழுத வேண்டும். பொதுத் தேர்தலில் இயந்திரம் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் 2023 பரங்கைத் தேர்தலில் பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் நடந்தது. அதனால் தெருவெங்கும் தொங்கும் பேனர்களில் முழுப் பெயரைவிடச் செல்லப்பெயர் பெரிதாக இருக்கும். எழுதத் தெரிந்த பெயராக இருக்க வேண்டுமே.

சரி, தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்றால், இங்கேதான் வருத்தம். 2013 அக்டோபருக்குப் பிறகு அடுத்த தேர்தல் 2018 மே மாதம்தான் நடந்தது. அதற்கடுத்தது தள்ளித் தள்ளி 2023 அக்டோபருக்கு வந்தது. 2022 டிசம்பரில் நடக்க வேண்டியதைத் தள்ளிவைத்த சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. அப்புறமும் 2025-இல் புதுச் சட்டம் வந்தது: அந்த ஆண்டு டிசம்பரில் வர வேண்டிய தேர்தல் 2026 நவம்பருக்கு மாறியது, பதவிக்காலமும் நான்கு ஆண்டுகள் ஆனது. காலக்கெடு முடிந்தும் பழையவர்களே நாற்காலியில் தொடர்வது ஊருக்கு நல்லதில்லை. நல்ல தலைவர் என்றால் சனங்களே மறுபடி தேர்ந்தெடுப்பார்கள். அந்த வாய்ப்பை மணிலாவில் உட்கார்ந்து யாரோ தள்ளிப்போடக் கூடாது.

இளைஞர் மன்றம் என்றீர்களே?

'சங்குனியாங் கபத்தான்' என்று பெயர். 15 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுப் போடலாம். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் போட்டியிடலாம். பரங்கையின் நிதியில் 10 சதவீதம் இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ரொம்ப நாள் இது அரசியல்வாதிகளின் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் இடமாக இருந்தது. 2015-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர் இதில் நிற்கக் கூடாது என்று தடை போட்டது. குடும்ப அரசியலைத் தடுப்போம் என்று அரசியல் சட்டம் சொன்ன ஒரு நாட்டில், அந்தத் தடை முதன்முதலாக உண்மையில் சட்டமானது இந்த இளைஞர் மன்றத்தில்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி மத்திய அரசின் வரிப் பங்கிலிருந்து. உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கும் பங்கில் 20 சதவீதம் பரங்கைகளுக்கு. முதலில் 100 பேராவது உள்ள ஒவ்வொரு பரங்கைக்கும் ஆண்டுக்கு 80,000 பெசோ குறைந்தபட்சமாகப் போகும். மீதியை மக்கள்தொகையைப் பார்த்து 60 சதவீதம், எல்லோருக்கும் சமமாக 40 சதவீதம் என்று பிரிப்பார்கள். இதைத் தவிர, சொத்து வரியில் ஒரு பங்கு, சிறு கடைகளுக்கு ஒரு சின்ன வரி, சான்றிதழ்க் கட்டணம்.

வந்த பணத்தை இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. வரிப் பங்கில் 20 சதவீதம் வளர்ச்சிப் பணிக்கு, வருமானத்தில் 5 சதவீதம் பேரிடர் நிதிக்கு என்று கட்டுப்பாடுகள் உண்டு.

பொதுமக்கள் எதற்காகப் பரங்கை அலுவலகம் போகிறார்கள்?

பெரும்பாலும் ஒரு காகிதத்துக்காக. வேலைக்கு விண்ணப்பிக்க, கடை திறக்க, உதவித்தொகை வாங்க, எல்லாவற்றுக்கும் முதலில் பரங்கைச் சான்று கேட்பார்கள். இவர் இங்கேதான் குடியிருக்கிறார், இவர் மேல் இங்கே புகார் இல்லை, இவர் வசதியற்றவர் என்று மூன்று வகைச் சான்றுகள்தான் அதிகம் ஓடுபவை. மருத்துவமனைச் செலவுக்கு அரசு உதவி கேட்கும் ஏழைக்கு அந்த மூன்றாவது காகிதம் உயிர் மாதிரி. முதன்முதலாக வேலை தேடுபவர்களுக்கு அரசுச் சான்றுகள் இலவசம் என்று 2019-இல் சட்டம் வந்தது. அதற்கும் பரங்கைதான் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் குடியிருந்த பகுதியில் அலுவலகம் ஒரு கூடைப்பந்து மைதானத்தை ஒட்டி இருந்தது. மேலே தகரக் கூரை போட்ட மைதானம். காலையில் அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி, மாலையில் பையன்கள் ஆட்டம், இரவில் சில நாள் யாராவது இறந்தவரின் துக்கக் கூட்டம். உள்ளே போனால் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி, சுவரில் தலைவரும் ககவாட்களும் வரிசையாக நிற்கும் படம். மேசைமேல் தடிமனான ஒரு பேரேடு: அதுதான் 'பிளாட்டர்', புகார்ப் புத்தகம். ராத்திரி யார் யாரை அடித்தது, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் அதில் தேதியோடு ஏறும். எழுதிக்கொண்டிருந்த அம்மா வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, 'ஆத்தே' என்றும் 'கூயா' என்றும், அதாவது அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தார். அரசு அலுவலகத்தில் என்னை அப்படி யாரும் விசாரித்ததில்லை.

அக்கம்பக்கத்தில் சண்டை வந்தால் நேரே நீதிமன்றம் போகலாமா?

பல வழக்குகளில் முடியாது, முதலில் பரங்கைக்குத்தான் போக வேண்டும். பரங்கை அமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1978-இல் இதற்கென்று சட்டம் வந்தது; பிறகு 1991 சட்டத்துக்குள் சேர்ந்தது. ஒவ்வொரு பரங்கையிலும் 10 முதல் 20 பேர் கொண்ட 'லூப்போன்' என்ற சமாதானக் குழு இருக்க வேண்டும். தலைவர்தான் அதற்கும் தலைவர். ஒரே நகரத்தில் குடியிருக்கும் இரண்டு பேருக்குள் தகராறு என்றால், கடனோ, வேலியோ, வசவோ, சின்ன அடிதடியோ, இந்தக் குழுவிடம் போய்ச் சமரசம் முயன்றோம் என்ற சான்று இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. ஓராண்டுக்கு மேல் சிறை அல்லது 5,000 பெசோவுக்கு மேல் அபராதம் விதிக்கக்கூடிய குற்றங்கள் இதில் வராது.

நடைமுறை எளிமையானது. புகாரை எழுதியும் தரலாம், வாயாலும் சொல்லலாம். தலைவர் இரு தரப்பையும் கூப்பிட்டு 15 நாளுக்குள் பேசித் தீர்க்கப் பார்ப்பார். முடியவில்லை என்றால் குழுவிலிருந்து மூன்று பேரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். ஒத்துவராவிட்டால் சீட்டுக் குலுக்கல். அந்த மூவருக்கு இன்னொரு 15 நாள், தேவையானால் மேலும் 15. வக்கீல் வரக் கூடாது. இது முக்கியம். பணம் உள்ளவன் பெரிய வக்கீலோடு வந்து உட்கார முடியாது. அவனே வாயைத் திறந்து பேச வேண்டும்.

நான் பார்த்த ஒரு விசாரணையில் பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் தன் சமையலறைக்குள் விழுகிறது என்று ஒரு பாட்டி புகார் கொடுத்திருந்தார். எதிர்த்தரப்பு ஓர் ஆட்டோக்காரர். முதல் பத்து நிமிடம் இருவரும் 'காப்' முகத்தை, அதாவது பரங்கைத் தலைவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். தண்ணீரைப் பற்றிய பேச்சு சீக்கிரமே தீர்ந்துபோய், போன வருடம் பாட்டியின் கணவர் இறந்தபோது இவர் துக்கத்துக்கு வரவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது. அவர் அன்று ஊரில் இல்லையாம். காப் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். கடைசியில் தகரக் குழாய்ச் செலவில் பாதி அவர், பொருத்தும் வேலையும் அவரே என்று எழுதிக் கையெழுத்தானது. ஒரு நீதிபதியால் அந்தத் துக்க விஷயத்தைக் கேட்டிருக்க முடியுமா?

அப்படி எழுதிய உடன்படிக்கை வெறும் பேச்சு இல்லை. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று 10 நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால், அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு வந்துவிடும். ஆறு மாதத்துக்குள் லூப்போனே அதை நிறைவேற்றி வைக்கலாம்.

மனைவியை அடித்தாலும் சமாதானம்தானா?

இல்லவே இல்லை. பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறைக்கு எதிரான 2004-ஆம் ஆண்டுச் சட்டம், இந்த விஷயத்தில் சமரசம் பேசுவதையே தடை செய்கிறது. பாதிக்கப்பட்ட பெண் வந்து கேட்ட அன்றைக்கே, எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலேயே, தலைவர் பாதுகாப்பு ஆணை போட வேண்டும். அது 15 நாள் செல்லும். அதற்குள் நீதிமன்றம் போகலாம். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று எந்த அதிகாரியாவது சொன்னால் அது சட்டமீறல். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

விசில் வைத்துக்கொண்டு சுற்றுபவர்கள் போலீஸா?

இல்லை. அவர்கள் 'தானோட்', ஊர்க்காவல் ஆட்கள். கையில் தடி, டார்ச், விசில். இரவு ரோந்து, பள்ளி விடும் நேரத்தில் சாலை கடக்க உதவி, சண்டை விலக்கல். இவர்களைப் போலவே முக்கியமானவர்கள் பரங்கைச் சுகாதாரத் தொண்டர்கள். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எடை குறைவு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்.

புயல் வந்தால் என்ன செய்வார்கள்?

ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் பிலிப்பைன்ஸ் பகுதிக்குள் வருகின்றன. எச்சரிக்கை வந்ததும் ஆற்றோர வீடுகளுக்கு முதலில் போவது பரங்கை ஆட்கள்தான். ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே தெருத்தெருவாகப் போவார்கள். மைதானமோ பள்ளிக்கூடமோ தங்குமிடம் ஆகும். எந்த வீட்டில் நடக்க முடியாத தாத்தா இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது. தலைநகரத்திலிருந்து அதைச் செய்ய முடியாது.

இவ்வளவு அதிகாரம் அருகில் இருந்தால் ஆபத்தில்லையா?

இருக்கிறது. உங்களைத் தெரிந்தவர்தான் உங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கு உங்களைப் பிடிக்காவிட்டால்? 2020 ஊரடங்கில் வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டு, மாதம் 5,000 முதல் 8,000 பெசோ வரையான நிவாரணத்துக்கான பெயர்ப் பட்டியல் எல்லாம் பரங்கை வழியாகவே போயின. தலைவருக்கு வேண்டியவர்கள் பெயர் முதலில் வந்தது என்ற புகார் பல இடங்களில் எழுந்தது.

அதைவிடக் கொடுமை 2016-இல் தொடங்கிய போதைப்பொருள் ஒழிப்பு. போதைப்பொருள் பயன்படுத்துபவர் என்று சந்தேகிக்கப்படுபவர்களின் பட்டியலைத் தருமாறு பரங்கைகளைக் கேட்டார்கள். அந்தப் பட்டியல்களில் இருந்த பலர் கொல்லப்பட்டார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற அதே அறிவு, புயலில் தாத்தாவைத் தூக்கிச் சென்று காப்பாற்றிய அதே அறிவு, இங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கப் பயன்பட்டது. இதை மறந்துவிட்டுப் பரங்கையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் பரங்கையால் என்ன பயன்?

ஓட்டும் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் குரலும் கிடையாது. ஆனால் குடியிருப்புச் சான்று வாங்கலாம். முன்பணம் திருப்பித் தராத வீட்டுக்காரர் அதே நகரத்தில் இருப்பவர் என்றால் லூப்போனில் புகார் தரலாம். பொருள் தொலைந்தால் பிளாட்டரில் பதியலாம். படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீடு பார்த்த வாரமே பரங்கை அலுவலகம் எங்கே என்று தெரிந்துகொண்டு, ஒரு முறை உள்ளே போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். முகம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஊர்க்கூட்டம் எப்போது நடக்கும்?

ஆண்டுக்கு இரண்டு முறையாவது நடக்க வேண்டும். 2018 முதல் மார்ச்சில் ஒரு சனி அல்லது ஞாயிறு, அக்டோபரில் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாவது அங்கே குடியிருக்கும், 15 வயது நிறைந்த குடிமக்கள் எல்லோரும் இதில் உறுப்பினர்கள். வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்க வேண்டும். மைதானத்தில் நாற்காலி போட்டு நடக்கும். முன்வரிசையில் பாட்டிகள், கம்பத்தடியில் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூட்டம் எப்போது முடியும் என்று நிற்கும் பையன்கள்.